வலமிருந்து இடமாகப் பத்து விளக்கு

மருத்துவர் சொன்ன ஒரு வாக்கியம் இன்றுவரை எனக்கு முழுதாகப் புரியவில்லை. "கண்ணுல ஒரு குறையும் இல்ல. ஆனா இடது பக்கத்த அவங்க பாக்கமாட்டாங்க" என்றார். கண்ணில் குறை இல்லையென்றால் பார்க்க வேண்டியதுதானே. பார்க்கவில்லையென்றால் அந்தக் கண் என்ன நல்ல கண்? இதையே நான் மாற்றி மாற்றிக் கேட்டேன். அவரும் பொறுமையாக, கண் பார்க்கிறது, மூளைதான் அந்தப் பக்கத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை என்றார். நான் போலீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஒரு ஆள் ஒன்றைப் பார்த்திருப்பான், இல்லாவிட்டால் பார்த்திருக்கமாட்டான். இரண்டுக்கும் நடுவில் ஒன்று உண்டு என்று யாராவது வாக்குமூலம் கொடுத்திருந்தால் அவனை வெளியே போகச் சொல்லியிருப்பேன்.

என் மனைவிக்குப் பக்கவாதம் வந்தது கோடையில். தென்காசி வீட்டுக்குத் திரும்பியபோது கை ஓரளவு தூக்க வந்துவிட்டது, காலை லேசாக இழுத்து நடந்தாள். பேச்சில் ஒரு குறையும் இல்லை. குறைந்திருந்தால் பேசாமல் இருப்பாளே என்று நானே கேலி செய்தேன். பிறகுதான் ஒவ்வொன்றாகக் கவனிக்கத் தொடங்கினேன். தலையை வலது பக்கம் மட்டும் வாரிவிட்டு சீப்பை வைத்துவிடுவாள். தட்டில் தோசை பாதி அப்படியே இருக்கும். "இன்னொண்ணு ஊத்துங்க" என்பாள். மீதி இருக்கிறதே என்றால் எங்கே என்று கேட்பாள். தட்டை நான் அரைச் சுற்று திருப்பி வைத்ததும், இதென்ன மாயம் என்பதுபோல என்னைப் பார்த்துவிட்டு அந்தப் பாதியையும் சாப்பிடுவாள்.

ஒருநாள் இலை போட்டேன். உப்பும் ஊறுகாயும் இடது ஓரத்தில்தான் வைப்பது வழக்கம். அவள் சாப்பிட்டுக்கொண்டே, "உப்பு வைக்கலியா?" என்றாள். வைத்திருக்கிறேன் என்றேன். இல்லை என்றாள். சரி, வம்பு எதற்கு என்று மறுநாள் இலையையே திருப்பிப் போட்டு, எல்லாவற்றையும் வலது பக்கம் வைத்தேன். உடனே முகம் மாறிவிட்டது.

"இலைய இப்பிடியா போடுவாவ? நுனி வலது பக்கம் கெடக்கு. யாரு வீட்டுப் பழக்கம் இது?"

வலது பக்கம் எதுவும் அவளிடமிருந்து தப்பவில்லை. இடது பக்கம் நான் நின்றால் நான் வீட்டில் இல்லை. அங்கே நின்று கூப்பிட்டால் வலது பக்கம் திரும்பி, "எங்க போய்ட்டிய? சத்தம் மட்டும் வருது" என்பாள். அவளோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவன் கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டு அதைக் கேட்டேன். எனக்குக் கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

பயிற்சி கொடுக்க ஒரு பெண் சுரண்டையிலிருந்து பஸ்ஸில் வருவாள். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. கையில் டார்ச்சை வைத்து, வலது பக்கத்திலிருந்து மெதுவாக இடது பக்கம் நகர்த்தி, அதைப் பின்தொடரச் சொல்வாள். அவள் வரும் நாளில் நடக்கும், வராத நாளில் நடக்காது. நான் டார்ச்சைப் பிடித்தால் என் கை ஆடுகிறதாம், நான் அவசரப்படுகிறேனாம். "சார், ஒரே மாதிரி வேகத்துல, ஒண்ணு அணைஞ்சு அடுத்தது எரியுற மாதிரி லைட் வரிசையா இருந்தா நல்லாருக்கும். வேகத்தக் கூட்டிக் கொறைக்கணும். வலமிருந்து இடமாப் போகணும்" என்றாள்.

கடைவீதியில் கோயில் கொடைவிழாவுக்கு விற்கிற ஓடும் விளக்கு ஒன்று வாங்கி வந்தேன். அது ஓடவில்லை, பேய் பிடித்தது போல ஆடியது. என் மனைவி கண்ணை மூடிக்கொண்டு தலை வலிக்குது என்றாள். அதன் பிறகுதான் செல்போனில் தேடி, ஐ.சி. என்கிற இரண்டு சில்லுகளை வைத்து நாமே செய்யலாம் என்று ஒருவன் பேசும் வீடியோவைப் பார்த்தேன். 555 என்று ஒரு சில்லு, 4017 என்று ஒரு சில்லு. முதலாவது நேரத்தைத் தட்டிக்கொண்டே இருக்கும், இரண்டாவது அந்தத் தட்டலை எண்ணி விளக்கை ஒவ்வொன்றாக மாற்றும். எனக்கு இதை விளங்கிக்கொள்ள ஒரு வழி இருந்தது. குற்றாலத்தில் சாரல் காலத்துப் பணிக்கு நான் போகாத வருஷம் குறைவு. அருவியில் நிற்பவனை விசில் அடித்து நகர்த்துவதுதான் அங்கே வேலை. விசில் அடித்தால் முன்னால் நிற்பவன் வெளியே வருவான், அடுத்தவன் தலையைக் கொடுப்பான். விசில்காரன் 555. வரிசையை நகர்த்துகிறவன் 4017. இவ்வளவுதானே என்று நினைத்தேன். அதோடு என் தெளிவு முடிந்தது.

ஆம்ப்ளிஃபயருக்குச் சாமான் விற்கும் கடையில் எல்லாம் கிடைத்தது. ஓட்டை ஓட்டையான ஒரு வெள்ளைப் பலகை, பொடி விளக்குகள், ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு. வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேஜையில் பரப்பினேன். 4017 சில்லுக்குப் பதினாறு கால்கள். ஒரு மூலையில் புள்ளி இருக்கிறது, அங்கிருந்து ஒன்று. நான் ஒன்று, இரண்டு என்று வலமாக எண்ணிக்கொண்டு சுற்றி வந்தேன். கோயிலைச் சுற்றினாலும் பந்தியில் பரிமாறினாலும் வலமாகத்தானே போவோம். எண்ணியபடி எல்லா வயரையும் செருகி பேட்டரியை மாட்டினேன். ஒரு விளக்குகூட எரியவில்லை. கழற்றி மாட்டினேன். எரியவில்லை. கெட்டுப்போன சில்லைத் தலையில் கட்டிவிட்டான் என்று முடிவு செய்து, நேரே கடைக்குப் போய்ச் சத்தம் போட்டேன்.

கடைக்காரர் நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "எப்படி எண்ணுனிய அண்ணாச்சி?" என்றார். காட்டினேன். அவர் சிரிக்காமல் இருக்கக் கஷ்டப்பட்டார். "இத வலமா எண்ணப்படாது. புள்ளியில இருந்து கீழ எறங்கி, அந்தப் பக்கமா மேல ஏறணும். இடமாத்தான் சுத்தும்."

"எவன் இப்பிடி வச்சான்?"

"எனக்கென்ன தெரியும். ஒலகம் பூரா அப்பிடித்தான் இருக்கு."

எனக்கு அது பிடிக்கவில்லை. இடமாகச் சுற்றுவது இழவு வீட்டில்தான். நான் பெரிய சாமியார் இல்லை, சகுனம் பார்த்து வீட்டை விட்டு இறங்குகிற ஆளும் இல்லை. ஆனாலும் அவளுக்கு நல்லது நடக்க வேண்டும் என்று தொடங்குகிற வேலை, எண்ணும்போதே இடமாகச் சுற்றச் சொல்கிறதே என்று மனசு இடறியது. விளக்கும் வலமிருந்து இடமாக ஓட வேண்டுமாம். இடது கையால் வாங்காதே, இடது காலை வைத்து நுழையாதே என்றே வளர்ந்தவன் நான். அவள் இடது பக்கத்தை இழந்து நிற்கிறாள், எனக்கோ இடது பக்கத்தின் மேல் ஒருநாளும் மரியாதை இருந்ததில்லை. இப்போது அதைத் தேடிக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் போக வேண்டியிருந்தது.

தப்பாக மாட்டியதில் பழையவை கெட்டிருக்கலாம் என்று வேறு சில்லுகள் வாங்கி, இடமாக எண்ணி மாட்டினேன். விளக்கு எரிந்தது. ஆனால் வரிசையாக எரியவில்லை. நடுவில் ஒன்று, பிறகு அதற்கு முன்னால் ஒன்று, பிறகு தாவி எங்கேயோ ஒன்று. மறுபடியும் வீடியோவைப் பார்த்தேன். முதல் விளக்கை மூன்றாவது காலில் மாட்ட வேண்டுமாம். இரண்டாவது விளக்கு இரண்டாவது காலில். மூன்றாவது நான்காவதில். ஆறாவது விளக்குத்தான் முதல் காலுக்கு வருகிறது. கதவிலக்கத்தைக் குலுக்கிப் போட்டு ஒட்டிய தெரு மாதிரி இருந்தது. ஏன் என்று ஒருவனும் சொல்லவில்லை. ஏன் என்று கேட்பதை நிறுத்தினால்தான் வேலை நடக்கும் என்று பட்டது. மருத்துவரிடமும் அப்படித்தான் நிறுத்தியிருந்தேன்.

வரிசை சரியாயிற்று. அடுத்த குழப்பம் வந்தது. விளக்கு நினைத்தால் ஓடும், நினைத்தால் நிற்கும். நான் கையைப் பக்கத்தில் கொண்டுபோனால் கன்னாபின்னாவென்று ஓடும், கையை எடுத்தால் உறைந்து நிற்கும். தொடக்கூட வேண்டாம், அருகில் போனாலே போதும். அவள் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பலகை அவளுக்கு வலது பக்கம் இருந்ததால் அது அவளுக்கு இருந்தது. வலது கையை மெல்ல நீட்டினாள். விளக்கு ஓடியது. இழுத்துக்கொண்டாள். நின்றது. திரும்ப நீட்டினாள்.

"ஏங்க, இது நான் சொன்னாக் கேக்குது" என்று சிரித்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். அதை அப்படியே விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் யார் கை அருகில் போனாலும் ஓடுகிற விளக்கை வைத்துக்கொண்டு என்ன பயிற்சி கொடுப்பது? காரணம் கடைசியில் கிடைத்தது. விளக்கு மாட்டாத கால்களுக்கு வயர் எதற்கு என்று இரண்டு காலைச் சும்மா விட்டிருந்தேன். சும்மா விட்ட கால் காற்றில் வருவதை எல்லாம் கட்டளையாக எடுத்துக்கொள்ளுமாம். அந்த இரண்டையும் பேட்டரியின் நெகட்டிவ் முனையோடு சேர்த்துக் கட்டினேன். விளக்கு அடங்கியது. அவள் கையை நீட்டிப் பார்த்துவிட்டு, "இப்ப கேக்க மாட்டங்குது" என்றாள், கொஞ்சம் வருத்தமாக.

ஒரு நீளப் பலகையில் பத்து விளக்கையும் இடைவெளி விட்டுப் பதித்து, ஒவ்வொன்றுக்கும் வயர் இழுத்து, நானே ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். பலகையை அவளுக்கு நேர் எதிரே நிறுத்தி, அதற்குப் பின்னால் நான் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வேன். விளக்கு வலது கோடியில் தொடங்கி இடது கோடிக்குப் போகும். எரிய எரிய அவள் எண்ண வேண்டும்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு" என்பாள். நிறுத்துவாள். சற்றுப் பொறுத்து மறுபடியும் "ஒண்ணு" என்பாள்.

"மிச்சம் அஞ்சு?"

"அஞ்சுதான் எரியுது. அப்புறம் கொஞ்ச நேரம் சும்மா கெடக்கு. திரும்ப மொதல்ல இருந்து வருது."

"பத்து இருக்குட்டி. நான்லா வச்சேன்."

"நீங்க வச்சிருப்பிய. எரியணும்லா."

இதுதான் என்னைக் குழப்பியது. ஐந்து வயர் அறுந்து போயிருந்தால் விளக்கு எப்படி நடந்துகொள்ளுமோ, அதைத்தான் அவள் அப்படியே சொன்னாள். ஐந்து எரியும், ஐந்து இடம் இருட்டாகப் போகும், மறுபடியும் முதலிலிருந்து வரும். ஆகையால் ஒவ்வொரு முறையும் நான் எழுந்து முன்பக்கம் வந்து பார்ப்பேன். பத்தும் எரியும். போய் உட்கார்வேன். ஐந்து என்பாள். சாரல் காலத்து ஈரத்தில் வீட்டில் தீக்குச்சியே பற்றுவதில்லை, என் வயர் மட்டும் நன்றாக இருக்குமா என்று சந்தேகம் வரும். எழுந்து வருவேன். பத்தும் எரியும். அவள் சொல்கிற உறுதியைக் கேட்டால் எனக்கே ஒரு பயம் வந்தது. இவளுக்கு ஐந்து விளக்கு இல்லாமல் போனது இவளுக்கே தெரியவில்லை என்றால், எனக்குத் தெரியாமல் எனக்கு எது இல்லாமல் போயிருக்கிறது என்று நினைத்து, வீட்டுக்குள் ஒருமுறை கழுத்தைத் திருப்பி இடது பக்கம் பார்த்துக்கொண்டேன். துணி காயப்போட்ட கொடிதான் இருந்தது.

அவளுக்கு ஒரே ஆசை. சாரல் நிற்பதற்குள் அருவியில் ஒருமுறை தலையைக் கொடுத்துவிட வேண்டும். எண்ணெய் தேய்த்து அருவியில் நின்றால் எல்லாம் சரியாகிவிடும் என்று பார்க்க வந்த அத்தனை பேரும் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். சுரண்டைப் பெண் மட்டும் வேண்டாம் என்றாள். பெண்கள் குளிக்கிற பக்கம் தனி, அங்கே நான் கூடப் போக முடியாது. இடது பக்கமிருந்து கூட்டம் இடித்தால் யார் இடித்தார்கள் என்றே தெரியாமல் பாறையில் விழுந்துவிடுவாள். "பத்து லைட்டும் பாக்கட்டும் சார். அப்புறம் போகலாம்" என்றாள். அதிலிருந்து அந்தப் பத்து விளக்கும் என் தலையில் ஏறிக்கொண்டது.

குளிக்க வேண்டாம், பார்த்துவிட்டாவது வருவோம் என்று ஒரு சாயங்காலம் ஆட்டோவில் கூட்டிப்போனேன். சாரல் தூவிக்கொண்டிருந்தது. எண்ணெய் வாசனையும் மிளகாய் பஜ்ஜி வாசனையும் நான் விசிலோடு நின்ற காலத்தில் இருந்தபடியே இருந்தன. அருவியில் தண்ணீர் பாறை முழுக்கப் பரந்து விழுந்தது. இத்தனை நல்ல தண்ணீரை நானே சில வருஷமாகப் பார்க்கவில்லை.

அவள் நின்று பார்த்தாள். "என்ன இப்பிடி வழியுது? ஒரு ஓரமாத்தான் விழுது. இதுக்கா ஆட்டோ புடிச்சுக் கூட்டியாந்திய?"

அவள் தாடையைப் பிடித்து முகத்தை மெல்ல இடது பக்கம் திருப்பினேன். "ஏயம்மா, எம்புட்டுத் தண்ணி" என்றாள். கையை எடுத்தேன். முகம் தானாகப் பழைய இடத்துக்கு வந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கொறஞ்சிட்டு போல" என்றாள். அத்தனை பெரிய அருவியைப் பாதியாக்குகிற ஒன்றோடு, பேட்டரியில் எரிகிற பொடி விளக்கை வைத்துக்கொண்டு மல்லுக்கு நிற்கிறேனே என்று வெறுத்துப்போயிற்று.

அதன் பிறகும் பயிற்சியை விடவில்லை. விட்டால் செய்ய வேறொன்றும் இல்லை. சில நாள் ஆறு என்பாள், சில நாள் ஏழு, அடுத்த நாள் நாலுக்கு இறங்கிவிடுவாள். ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குகிறது என்று சுரண்டைப் பெண்ணுக்கும் தெரியவில்லை. நான் எழுந்து வந்து பார்ப்பதை நிறுத்திவிட்டேன். பலகைக்குப் பின்னால் பேப்பரை விரித்துக்கொண்டு, அவள் எரியவில்லை என்றால் "எரியுது, நீ நல்லாப் பாரு" என்பேன். அதுவே எங்கள் பேச்சாகிவிட்டது.

அப்படி ஒருநாள் பகலில், "எட்டு எரியல" என்றாள்.

"எரியுது. நல்லாப் பாரு."

"எரியலங்க."

"கழுத்தத் திருப்பிப் பாரு. அந்தப் பொண்ணு சொல்லிக் குடுத்துச்சுல்லா."

"திருப்பித்தான் பாக்கேன். ஏழு எரிஞ்சிச்சு. அப்புறம் இருட்டு. அப்புறம் ஒம்போது, பத்து. நடுவுல எட்டுதான் இல்ல. நீங்க பேப்பர வச்சிட்டு எந்திச்சு வந்து பாருங்க."

நான் இன்னும் ஒரு வரி படித்தேன் என்று நினைக்கிறேன். பிறகுதான் அவள் சொன்னது காதில் ஏறியது. எழுந்து முன்பக்கம் வந்தேன். ஏழு எரிந்தது. அடுத்த இடம் இருட்டாக இருந்தது. ஒன்பது எரிந்தது. பத்து எரிந்தது. எத்தனை சுற்றுப் பார்த்தேனோ தெரியாது. எட்டாவது விளக்கைத் தொட்டதும் வயர் கையோடு வந்துவிட்டது. நான் வைத்த ஈயம் அவ்வளவு லட்சணம். சந்தோஷமா என்றால் அதுவும் உடனே சொல்லத் தெரியவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஒரு வெளக்கு போனதுக்கா இப்பிடி உக்காந்திட்டிய?" என்றாள்.

சுரண்டைப் பெண்ணுக்கு உடனே போன் போட்டேன். ஒருநாள் பார்த்ததை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்றாள். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. ஏதோ வாய்க்கு வந்ததைச் சொல்ல, அது பொருந்திப் போயிருக்கலாம். எட்டை மறுபடியும் பற்றவைத்தேன். மறுநாள் அவள் குளிக்கப் போயிருந்த நேரத்தில் பலகைக்குப் பின்னால் போய் நின்று யோசித்தேன். பத்தாவது வயரை எடுத்தால் பயனில்லை, ஒன்பதோடு நிற்கிறது என்பாள், அதில் அவள் பார்த்தாளா பார்க்கவில்லையா என்று தெரியாது. ஒன்பதை எடுத்தால், அது எரியவில்லை என்று சொல்வதற்கு அவள் பத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஒன்பதாவது வயரைப் பிடுங்கினேன். சட்டைப் பையில் திருட்டுப் பொருளை வைத்துக்கொண்டு நிற்கிறவனைப் போல எனக்கு வேர்த்தது.

அன்று நாற்காலியில் உட்கார முடியவில்லை. பேட்டரியை மாட்டிவிட்டு அவளருகிலேயே நின்றுகொண்டேன். எண்ணினாள். ஏழு என்றாள். எட்டு என்றாள். நிறுத்தினாள். "பத்து" என்றாள்.

அடுத்த சுற்றையும் பார்த்தாள். பிறகு பலகையை விட்டுவிட்டு, கழுத்தைத் திருப்பி என்னை முறைத்தாள்.

"நேத்து எட்டு, இன்னைக்கு ஒம்போது. என்னத்த ஈயம் வச்சிய நீங்க? ஒங்களுக்கு இந்த வேல வராதுங்க. தெரிஞ்ச ஆள்ட்ட குடுங்க."

இன்னும் திட்டினாள். அவள் பார்வை என் முகத்தை விட்டு விலகவில்லை. அப்போதுதான் நான் எங்கே நிற்கிறேன் என்று கவனித்தேன். அவளுக்கு இடது பக்கம் நின்றுகொண்டிருந்தேன்.

"ஆமாட்டி, எனக்கு வராது" என்றேன்.